எட்டு ஊர் வேண்டாம் அக்கா, மூன்று போதும்

வாசகர் கேள்விகள்: இத்தாலிப் பயணம். பதில் எழுதுபவர் பலெர்மோவில் பதினான்கு வருடம் முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்துவிட்டு, இப்போது கிளிநொச்சியில் வசிப்பவர்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பதுவை அந்தோனியாரின் கல்லறையைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது சிறுவயது ஆசை. பலெர்மோவில் தங்கை இருக்கிறாள். பன்னிரண்டு இரவுக்கு மருமகன் போட்டுத் தந்த திட்டத்தில் எட்டு ஊர்கள்: மிலான், வெனிஸ், பதுவை, புளோரன்ஸ், பீசா, ரோம், நாப்போலி, பலெர்மோ. எனக்கும் கணவருக்கும் முழங்கால் வருத்தம். சரிவருமா?
– வாசகி, இரணைமாதா நகர்

சரிவராது அக்கா. மருமகன் அன்போடுதான் எழுதியிருப்பார், ஆனால் அவருடைய கால்கள் வேறு, உங்களுடைய கால்கள் வேறு. எட்டு ஊர் என்றால் ஏழு தடவை பெட்டி கட்ட வேண்டும். காலையில் அறையைக் காலி செய்து, நிலையப் படிகளில் பெட்டியை இழுத்து, அடுத்த ஊரில் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு அறை திறக்கும்வரை தெருவில் காத்திருப்பீர்கள். அப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை நாள் போய்விடும்.

ரோமில் நான்கு இரவு, பதுவையில் மூன்று, ரயிலில் ஒன்று, பலெர்மோவில் நான்கு. இதுதான் என் திட்டம். புளோரன்ஸை விடச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனால் அந்த ஊரை அரை நாளில் பார்ப்பதை விடப் பார்க்காமல் விடுவது நல்லது. விமான டிக்கெட்டை ரோமில் இறங்கிப் பலெர்மோவிலிருந்து திரும்புவதாக எடுங்கள். போன வழியே திரும்பி வரும் அலைச்சல் மிச்சம்.

ரோமிலிருந்து பதுவைக்கு அதிவேக ரயிலில் மூன்றேகால் மணி நேரமளவில் போய்விடலாம். முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் மிகவும் மலிவு. வெனிஸில் தங்க வேண்டாம், அறை வாடகை கூடுதல். பதுவையிலிருந்து அரை மணி நேர ரயில்தான், காலையில் போய் மாலையில் திரும்பலாம். சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறுவதற்கு முன் மேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மறந்தால் தண்டம் கட்ட வேண்டி வரும்.

பதுவையில் அவசரப்படவே வேண்டாம். அந்தோனியார் பிறந்தது 1195இல் லிஸ்பனில், இறந்தது 1231 ஜூன் 13இல் பதுவைக்குப் பக்கத்தில். ஒரு வருடத்துக்குள்ளேயே அவரைப் புனிதராக அறிவித்துவிட்டார்கள். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. கல்லறையின் பின்பக்கத்துக்கு நடந்து போங்கள். அங்கே கல்லில் உள்ளங்கையை வைத்து, நெற்றியைச் சாய்த்து, மக்கள் வாய்விட்டு அவரோடு கதைத்துக்கொண்டு நிற்பார்கள். நன்றிக் கடிதங்களும் படங்களும் ஒட்டியிருக்கும்: நொறுங்கிப்போன கார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பிள்ளை, புதிதாய்ப் பிறந்த குழந்தை. நான் போன அன்று எனக்கு முன்னால் ஒரு கிழவி கையை எடுக்காமல் நெடுநேரம் நின்றார். வரிசையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பாலைதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் படகில் போய் வந்த உங்களுக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது.

அதே ஊரில் ஸ்க்ரோவெஞி என்ற சிறிய தேவாலயம் இருக்கிறது. 1305 அளவில் ஜொத்தோ வரைந்து முடித்த சுவரோவியங்கள் அதன் சுவர் முழுவதும் நிறைந்திருக்கின்றன. முன்பதிவு கட்டாயம். வெளிக் காற்றின் ஈரமும் தூசியும் ஓவியத்தைக் கெடுக்காதிருக்க, முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் இருத்திவைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே பார்க்கவும் ஏறத்தாழ அதேயளவு நேரந்தான். முதலில் மேலே பாருங்கள். ஆழ்நீலக் கூரையில் பொன் விண்மீன்கள். பிறகு இடப்புறச் சுவரில், இறந்த இயேசுவைச் சுற்றி வானதூதர்கள் கதறியழுகிற காட்சிக்கு வாருங்கள். கீழே சீடர் யோவான் கைகளைப் பின்னால் வீசி அழுகிறார். நாங்கள் செத்தவீட்டில் பார்த்த அழுகைதான் அது.

பலெர்மோவுக்கு விமானத்திலும் போகலாம். ஆனால் நீங்கள் கடற்கரைப் பிள்ளை, பதுவையிலிருந்து ரோமுக்குத் திரும்பி அங்கிருந்து இரவு ரயிலில் போங்கள். பலெர்மோ இருப்பது சிசிலித் தீவில். இடையிலுள்ள மெசீனா நீரிணையில் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி ஏற்றுகிறார்கள். இருட்டில் இரும்பு மோதும் சத்தம் கேட்கும். முதல் தடவை நான் பயந்து எழும்பி உட்கார்ந்துவிட்டேன். பிறகு மேல்தளத்துக்கு ஏறிப் போனேன். முன்னால் சிசிலியின் விளக்குகள், முகத்தில் உப்புக் காற்று. நாயாற்றுக் கடலை நினைத்து அன்று நிறைய அழுதேன். முழங்காலுக்காகக் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீசாவுக்கு முகவரிடம் கொடுக்கலாமா?
– வாசகர், மல்லாவி

படிவம் நிரப்ப உதவி கேட்கலாம். பொறுப்பை முழுதாகக் கையில் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு முகவர் ஓட்டல் பதிவுக் கடிதத்தைப் பொய்யாகச் செய்து வைத்தார். வீசா மறுக்கப்பட்டது. கட்டிய பணம் திரும்பவில்லை, மறுப்பு மட்டும் பதிவில் நிற்கிறது.

பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள், ஆனால் அவ்வளவு தூரம் தள்ளிப்போடாதீர்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். கைரேகைக்கு நேரில் போக வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு மூன்று மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். தமிழிலுள்ள காணி உறுதி, ஓய்வூதியக் கடிதம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய சிக்கல்: பெயர். தகப்பன் பெயர் முன்னால் வருவதும், முதலெழுத்தாய்ச் சுருங்குவதும் நமக்குச் சாதாரணம். கொலோசியம் டிக்கெட்டில்கூடப் பெயர் அச்சிடுகிறார்கள், வாசலில் கடவுச்சீட்டோடு ஒத்துப்பார்க்கலாம். எல்லா இடத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் போகலாமா?
– வாசகர், வவுனியா

வேண்டாம். வெயில் கொளுத்தும். ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை, அதையொட்டிப் பல கடைகள் நாட்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அன்று நமக்கு மடு மாதாவின் ஆவணித் திருவிழா, அதற்கே போங்கள். ஏப்ரல், மே, அல்லது செப்டெம்பர் கடைசி நல்ல காலம்.

கேள்வி: பலெர்மோவில் நம் சைவ மக்களும் ஒரு மாதா மலைக்குப் போவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் சைவர்கள், போகலாமா?
– வாசகி, முள்ளியவளை

போகலாம் தங்கச்சி. அது மாதா கோயில் அல்ல, சந்த ரொசாலியா என்ற புனிதையின் கோயில். 1624இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் பிடித்தபோது, அவருடைய எலும்புகளை மலைக்குகையில் கண்டெடுத்து, அடுத்த வருடம் ஊர்வலமாகக் கொண்டு போனார்கள், நோய் நின்றது என்பது ஊரவர் நம்பிக்கை. ஜூலை 14 இரவு பெருவிழா. பெலெக்ரினோ மலையில் அந்தக் குகையேதான் கோயில். பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் கூரையோரமாக ஏந்திக் கொண்டுபோகின்றன. ஊர் மக்கள் அதைத் தீர்த்தமாக மதிக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மலைக்கு பஸ் இருக்கிறது. ஆனால் நம் பெண்கள் நேர்த்தி வைத்து அடிவாரத்திலிருந்து நடந்து ஏறுவார்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சேலை என்றால் கவலையே இல்லை. அங்கே செருப்பைக் கழற்றும் வழக்கம் கிடையாது. நான் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். பதினான்கு வருடத்தில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.