பெயர் ஒருவரின் குணத்தை மாற்றுமா?

கேள்வி: பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் தேடுகிறோம். வைக்கும் பெயர் அதன் குணத்தையும் எதிர்காலத்தையும் பாதிக்குமா?

பாதிக்கும், கேட்பவர்கள் வழியாக. பெயர் காதில் விழுந்ததும் அவர்கள் ஓர் ஆளை மனதில் வரைந்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த ஆளிடம்தான் பேசுகிறார்கள்.

நான் யாங்கோனில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் ரங்கூன்தான். இங்கே தமிழர்கள் பலருக்கும் இரண்டு பெயர் உண்டு. வீட்டிலும் கோவிலிலும் நான் செந்தில். பள்ளிப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் சோ வின்.

பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நம்மைப் போல அப்பாவின் இனிஷியலும் கிடையாது. பழைய வழக்கப்படி, பிறந்த கிழமைதான் முதல் எழுத்தைக் கொடுக்கும். திங்கள் என்றால் க வரிசை, வியாழன் என்றால் ப, ம, ஞாயிறு என்றால் உயிரெழுத்து. அதனால் பெயரைக் கேட்டால் கிழமை தெரியும், கிழமை தெரிந்தால் குணத்தையும் சொல்லிவிடுவார்கள். செவ்வாய்க்காரர் நேர்மையானவர், வெள்ளிக்காரர் வாயாடி, சனிக்காரர் சண்டைக்காரர். இன்றைய இளைஞர்கள் எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை. ஆனால் காதில் விழாமல் யாரும் வளர்வதில்லை.

நம் பஞ்சாங்கமும் இதே வேலையை நட்சத்திரத்தை வைத்துச் செய்கிறது. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. இரண்டும் மோதும்போதுதான் வேடிக்கை. என் சித்தி மகள் ரோகிணி நட்சத்திரம், பிறந்தது சனிக்கிழமை, பெயர் வித்யா. ‘வ’ இங்கே புதன்கிழமை எழுத்து. கூட வேலை பார்த்த பெண்கள் அவளை ஷ்வேடகோன் பகோடா என்ற புத்தக் கோவிலுக்கு அழைத்துப்போய், எதுவும் கேட்காமலே, புதன்கிழமைக்காரர்களுக்கான, யானைச் சிலை இருக்கும் மூலையில் தண்ணீர் ஊற்ற வைத்துவிட்டார்கள். அவள் எரிந்து விழுந்தால், “புதன்கிழமைக்காரி, சட்டென்று கோபம் வரும், சட்டென்று ஆறிவிடும்” என்று விட்டுவிடுவார்கள். உண்மையான கிழமை தெரிந்திருந்தால் அதே கோபத்துக்குச் சண்டைக்காரி என்று பட்டம் கட்டியிருப்பார்கள்.

இது வெறும் பேச்சோடு நிற்பதில்லை. குஸ்தாவ் யஹோதா என்ற உளவியலாளர், இன்றைய கானாவில் வாழும் அசாந்தி மக்களைப் பற்றி 1954இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அங்கும் கிழமைப் பெயர்தான். திங்களில் பிறந்த பையன் குவாட்வோ, அமைதியானவன். புதனில் பிறந்தவன் குவாக்கு, முரடன் என்பது ஊர் நம்பிக்கை. சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டினால், அடிதடி வழக்குகளில் குவாக்குகள் அதிகம், குவாட்வோக்கள் குறைவு. “நீ முரடன்தானே” என்ற பார்வையிலேயே வளர்ந்தது காரணமாக இருக்கலாம். முரடன் என்று பேரெடுத்தவனை முதலில் பிடித்துக்கொண்டு போவதும் காரணமாக இருக்கலாம். எனக்கு இரண்டும் சேர்ந்தது என்றே படுகிறது.

வேலை விஷயத்தில் 2004இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று பிரபலம். பாஸ்டன், சிகாகோ நகர நிறுவனங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்கள் போயின. தகுதி ஒரே மாதிரி. பெயர் மட்டும் சிலவற்றில் எமிலி, கிரெக் என்று வெள்ளையர் பெயர், சிலவற்றில் லகீஷா, ஜமால் என்று கறுப்பினத்தவர் பெயர். வெள்ளையர் பெயருக்குச் சுமார் 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. ஆய்வு செய்த இருவரில் ஒருவர் செந்தில் முல்லைநாதன். என் பெயர்க்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை.

இரட்டைப் பெயர்க்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சி செலவில்லாமலே நடக்கும். வாடகைக்கு வீடு தேடிய காலத்தில், போனில் சோ வின் என்றால் “எப்போது வந்து பார்க்கிறீர்கள்?” என்பார்கள். செந்தில் என்றால் “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்.” நேரில் போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அட்டையில் இனமும் மதமும்கூட எழுதியிருக்கும். ஆக, பர்மியப் பெயர் வாங்கித் தருவது அந்த முதல் பேச்சை மட்டும்தான். பல நேரம் அதுவே போதும். போனில் சிரித்துப் பேசிவிட்ட மனிதருக்கு நேரில் கதவைச் சாத்தக் கூச்சமாக இருக்கும்.

உள்ளுக்குள் என்ன ஆகிறது என்பது இன்னும் சுவாரசியம். இங்கே வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. சின்னவனுக்கு மவுங், சம வயதுக்காரருக்குக் கோ, பெரியவருக்கு ஊ என்று முன்னால் சேர்க்க வேண்டும். (ஐ.நா. பொதுச் செயலராக இருந்த ஊ தாண்டின் பெயர் வெறும் தாண்ட்தான்.) அலுவலகத்தில் நான் எப்போதோ ‘ஊ’ ஆகிவிட்டேன். தெருவில் இன்னும் “ஏய் செந்திலு!”தான். மேலதிகாரி சோ வின்னைத் திட்டினால் மாலைக்குள் மறந்துவிடும். பெரியம்மா செந்திலைத் திட்டினால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. நல்ல செய்தியும் அப்படித்தான். பதவி உயர்வுக் கடிதம் வந்தபோது, அம்மா என் பெயர் சொல்லிப் பாராட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் அதிர்ஷ்டம் வரும் என்ற எண்கணிதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. டென்னிஸ் என்று பெயர் உள்ளவர்கள் டென்டிஸ்ட் ஆகிறார்கள் என்று 2002இல் ஓர் ஆய்வு பரபரப்பாக வந்தது. 2011இல் யூரி சைமன்சோன் என்ற ஆய்வாளர் அதைச் சோதித்தார். அந்தத் தலைமுறையில் டென்னிஸ் என்ற பெயரே அதிகம், வழக்கறிஞர்களிலும் அவர்கள் அதிகம். சரி, விடுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: குழந்தை வளரப்போகும் ஊரில் உள்ளவர்கள் தடுமாறாமல் சொல்லக்கூடிய பெயராகப் பாருங்கள். சுலபமாக உச்சரிக்க முடிந்த பெயர்க்காரர்களை மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. நாங்கள் அப்படித்தான் செய்தோம். மகன் மகம் நட்சத்திரம், பிறந்தது வியாழக்கிழமை. ‘ம’ பஞ்சாங்கத்துக்கும் பொருந்தியது, பர்மியக் கணக்குக்கும் பொருந்தியது. மணி என்று வைத்தோம், எந்த வாயிலும் உடையாத பெயர். அவன் ஃபேஸ்புக்கில் தனக்கு ஒரு கொரியப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறான்.