குடியை விட்டால் அடி நிற்குமா?

கேள்வி: என் தோழியை அவள் கணவர் அடிக்கிறார். குடியும் கோபமும்தான் காரணம் என்கிறார்கள். குடியை விட்டால் சரியாகிவிடுமா?

பதில்: மேலதிகாரி மீதும் அவருக்குக் கோபம் வரும்தானே, அவரை அடித்தாரா? குடி அடியை இன்னும் மோசமாக்கும், சரி. ஆனால் யாரிடம் பேசுகிறாய், எங்கே போனாய், சம்பளத்தை என்ன செய்தாய் என்று குடிக்காமல் இருக்கும்போதும் குடைகிறவர் என்றால், குடியை விட்ட பிறகும் அது தொடரும், ஏனென்றால் மனைவி தன் சொல்லுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஊட்டி வளர்த்த எண்ணம் அது. பெண்களும் அடிப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் பயந்து பயந்து வாழ்வதும் உயிரை இழப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். இப்படிக் குடைந்து குடைந்து கட்டுப்படுத்தும், அடியே விழாத அடக்குமுறையையும் இங்கிலாந்து 2015-இல் சட்டம் போட்டுக் குற்றமாக்கியது. அப்புறம், பிரியும் நேரம்தான் மிக ஆபத்தானது. எனவே அவளை அவசரப்படுத்தாமல் பணம், ஆவணங்கள், தங்க இடம் எல்லாவற்றையும் ரகசியமாகத் தயார் செய்ய உதவுங்கள்.