கதவைக் காற்று பிடுங்காமல் இருக்க

கேள்வி: நானும் மனைவியும் காரில் கடலோரச் சாலையில் இரண்டு நாள் சுற்றக் கிளம்புகிறோம். காற்று பலமாக இருக்கும் என்கிறார்கள். போகலாமா?

பதில்: புயல் எச்சரிக்கை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், தள்ளிப்போடுங்கள். வெறும் காற்றுதான் என்றால் சரி, காலையிலேயே கிளம்புங்கள். வெயிலில் தரை சூடேறி, கடற்காற்று பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும். காற்றின் வேகம் 2 மடங்கானால் வண்டியைத் தள்ளும் விசை 4 மடங்காகும்.

சீராக வீசும் காற்றை ஸ்டியரிங் சமாளித்துவிடும். திடீர்க் காற்றுதான் வம்பு. மரவரிசை முடியும் இடம், பாலம் தொடங்கும் இடம், லாரியை முந்தி வெளியே வரும் நொடி. அதுவரை லாரி காற்றை மறைத்திருக்கும். தாண்டியதும் பளாரென்று அறையும். ஒருமுறை அப்படி அடுத்த தடத்துக்கே போய்விட்டேன். அரை மணி நேரம் மனைவி என்னோடு பேசவில்லை. இப்போது காற்று நாளில் 60 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, லாரியை முந்துவதும் இல்லை.

அப்புறம், கதவு! காற்றுக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்தினால், திறந்த கதவைக் காற்று பிடுங்கும்; கீல் வளைந்துவிடும். வண்டியின் முகம் காற்றைப் பார்த்து இருக்கட்டும். கூரைமேல் மூட்டை கட்டாதீர்கள். ஊர் திரும்பியதும் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள், அடிப்பகுதியையும் சேர்த்து.