குண்டுக்கரிச்சானும் அணிலும்: குரலில் தொடங்கும் ஒப்பீடு

பாடும் பறவையான குண்டுக்கரிச்சானையும், முதுகில் மூன்று வெண்கோடுகள் கொண்ட அணிலையும் எந்த அடிப்படையில் ஒப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குரலின் அடிப்படையில் என்பேன், ஏனெனில் நான் ஏமாந்ததே அதில்தான். ஒரு நாள் காலையில் இடைவிடாமல் கேட்ட கீச்சொலிக்குரிய பறவையைத் தொலைநோக்கியால் மர உச்சியெங்கும் தேடிக் கழுத்து வலித்த பிறகு, அடிமரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கத்தலுக்கும் வாலை வெட்டி உதறிக்கொண்டிருந்த அணில் கண்ணில் பட்டது.

அணில் நம்மைப் போலவே தொண்டையிலுள்ள குரல்வளையால் ஒலி எழுப்புகிறது. பூனையையோ பருந்தையோ கண்டால் அது எழுப்பும் எச்சரிக்கை ஒலி பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும். குண்டுக்கரிச்சானின் குரலுறுப்போ மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. பாடும் பறவைகள் அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்க வல்லவை என்பதால்தான் அத்தனை நெளிவு சுளிவுகள் அந்தப் பாட்டில் சாத்தியமாகின்றன. அவற்றின் குஞ்சுகள் மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்டு உள்வாங்கி, முதலில் தட்டுத் தடுமாறிப் பாடிப் பார்த்து, பின்னரே தேர்ச்சி பெறுகின்றன. குண்டுக்கரிச்சான் பிற பறவைகளின் குரலையும் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும்.

உடலமைப்பில் ஒப்பிட அதிகமில்லை. பறவை ஏறத்தாழ 19 செ.மீ. நீளமும் சுமார் 40 கிராம் எடையும் உடையது. அணில் 100 கிராம் அளவில் இருக்கும். பறவைக்குப் பல்லே இல்லை. அணிலின் முன்பற்களோ ஆயுள் முழுவதும் வளர்வதால், கொறித்துத் தேய்த்தாக வேண்டும். இரண்டின் பொது மூதாதை வாழ்ந்தது சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்பதால் இந்த வேறுபாடுகளில் வியப்பில்லை. இரண்டுமே வாலைத் தூக்கி நிறுத்துவதுதான், உறவால் வந்ததல்ல என்றாலும், எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இரண்டும் ஒரே மரத்தில் வாழ்ந்தாலும் நல்லுறவு என்று சொல்லிவிட முடியாது. குண்டுக்கரிச்சான் மரப்பொந்தில் முட்டையிடும். அணிலோ கொட்டையும் பழமும் மட்டும் தின்னும் சாது அன்று, வாய்ப்புக் கிடைத்தால் பறவை முட்டைகளையும் தின்றுவிடும்.

அடுத்த முறை குரல் கேட்கும்போது, சுரம் மாறிக்கொண்டே இருந்தால் உச்சிக் கிளையைப் பாருங்கள்; ஒரே ஒலி விடாமல் தொடர்ந்தால் அடிமரத்தைப் பாருங்கள்.