கேட்டீர்கள், சொல்கிறேன்: தம்பிக்கு முதலில் ஒரு தடி

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. போன வருடம் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அன்றிலிருந்து அவன் எங்கள் தோட்ட லயத்து வாசல் இஸ்தோப்பைத் தாண்டவில்லை. யுத்தத்தில் கண்ணிழந்த ஒரு நியூசிலாந்துச் சிப்பாய் விரலால் தடவிப் படிக்கும் நம் பிரெயில் புள்ளி எழுத்துக்காகவும் உழைத்தார் என்று எங்கள் சேர் ஒருவர் சொன்னார். யார் அவர்? அவர் கதையைக் கேட்டாலாவது தம்பி எழும்புவானா?
- ஓர் அக்கா, தலவாக்கலை

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மகளை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்குப் பார்வை போனது 22 வயதில். நானும் ஏழு மாதம் இஸ்தோப்பில்தான் கிடந்தேன். அப்போது வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கதை சொன்னார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை. ஒரு நாள் அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து தேயிலைச் செடிக்கு மட்டம் பார்க்கும் தன் மட்டக்கம்பை என் கையில் கொடுத்து, "தண்ணிப் பீலி வரைக்கும் போய்ட்டு வா" என்றார். அன்றுதான் எழும்பினேன்.

இருந்தாலும் கேட்டதற்குச் சொல்ல வேண்டும். அவர் பெயர் குளூத்தா மெக்கன்சி. முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்டில் துருக்கியின் கலிப்பொலியில், சுனுக் பைர் உச்சியில் நடந்த சண்டையில் பார்வையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 20, உங்கள் தம்பியை விட ஒரு வயது கூட. போரில் கண்ணிழந்தவர்களுக்காகவே லண்டனில் இருந்த சென் டன்ஸ்டன்ஸ் இல்லத்தில் பயிற்சி பெற்றார். அடுத்த வருடமே நியூசிலாந்துப் படையினரின் பத்திரிகைக்கு ஆசிரியர். அப்புறம் நாடாளுமன்ற உறுப்பினர், ஓக்லாந்தில் பார்வையற்றோர் நிறுவனத்தின் இயக்குநர். 1935இல் சேர் பட்டம்.

நமக்கு வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர் இந்தியாவுக்கு வந்தார். போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக டேராடூனில் தொடங்கிய பயிற்சி நிலையத்தை நடத்தினார். அந்தக் காலத்தில் இந்திய மொழிகளுக்குப் பிரெயில் ஒரே முறையாக இல்லை, இடத்துக்கு ஒன்றாக இருந்தது. 1949இல் ஐ.நா.வின் கல்வி, பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தபோது ஆலோசகராக இருந்தவர் இவர்தான். 1951இல் பெய்ரூட்டில் கூடிப் பேசினார்கள். ஒரே ஒலிக்கு ஒரே புள்ளி அமைப்பு என்ற வழி நம் பக்கத்து மொழிகளுக்கு வந்தது. அதனால்தான் இன்று தமிழில் 'க' என்று தடவினாலும் சிங்களத்தில் 'க' என்று தடவினாலும் இடப்பக்கம் மேலே ஒரு புள்ளி, நடுவில் விட்டுக் கீழே ஒரு புள்ளி. தலவாக்கலைப் பிள்ளைக்கும் கண்டிப் பிள்ளைக்கும் விரலில் படுவது ஒன்றே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சரி, தம்பிக்கு வருவோம். தடியைக் கொடுங்கள். நேராக நிறுத்தினால் நெஞ்சு உயரம் வரட்டும். வலது கால் முன்னே போகும்போது தடியின் நுனி இடப்பக்கம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி விழப்போகும் இடத்தைத் தடி முன்கூட்டியே பார்த்துவிடும். இந்த முறையையும் அமெரிக்காவில் 1940களில் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காகத்தான் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வகுத்தார். நம் லயத்துப் படிகள் ஒன்றுபோல இருக்காது. ஒவ்வொரு படியின் விளிம்பையும் தடியால் தேடிய பிறகே இறங்கச் சொல்லுங்கள். முதல் வாரம் பீலி வரை போகட்டும். அடுத்த வாரம் வண்டி போகும் கரத்தை ரோடு. நீங்கள் கூடவே போங்கள், ஆனால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவன் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்து, அரைக் காலடித் தூரம் பின்னால் வரட்டும்.

பிரெயில் படிக்க, யாழ்ப்பாணப் பக்கம் சுன்னாகத்தில் பார்வையற்றோருக்காக இருக்கும் வாழ்வகத்தில் விசாரியுங்கள். பார்வையற்ற பிள்ளைகளும் படிக்கும், 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும் இருக்கிறது. "வயது கூடிப்போச்சு" என்று யாராவது திருப்பி அனுப்பினால் அடுத்த கதவைத் தட்டுங்கள். என்னிடமும் ஓர் இடத்தில் அப்படிச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் 26 வருடம் படிப்பித்தேன்.

கேள்வி: இப்போது போன் எல்லாவற்றையும் தமிழில் வாசித்துக் காட்டுகிறதே, பிரெயில் இன்னும் தேவையா டீச்சர்?
- ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: போனை விடச் சொல்லவே மாட்டேன். நானும் காலையில் பேப்பரை அதில்தான் கேட்கிறேன். புத்தகத்தைக் காதால் படிக்கும் வழிக்காகப் பாடுபட்டவரும் ஒரு சிப்பாய்தான். 1916இல் பிரான்சில் நடந்த சொம் சண்டையில் பார்வை இழந்த இயன் பிரேசர். 1935இல் பிரித்தானியாவில் பேசும் புத்தகங்கள் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் காது எழுத்துக்கூட்டலைச் சொல்லித் தராது. என்னிடம் படித்த ஒரு பையன் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். நல்ல கெட்டிக்காரன். வானொலி கேட்டே வளர்ந்தவன். அவனுடைய அம்மா 20 வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். அந்தச் சொல்லை எழுதச் சொன்னேன். 'கொளுந்து' என்று குத்தினான். 'ழ' என்ற எழுத்தை அதுவரை அவன் தொட்டதே இல்லை.