சொடக்கு இருக்கட்டும், அந்த ‘டப்’ சத்தம் எப்போது கேட்டது?

(54 வயது வாசகர், சிங்கப்பூர்)

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் மாற்றினார்கள், தாய் சி என்ற சீன உடற்பயிற்சிக் கலையைக் கற்கப் போய் எனக்கும் அதே கதி வந்துவிடுமோ என்பதுதான் உங்கள் நீண்ட கடிதத்தின் சாரம். தாய் சி முட்டியைத் தேய்க்கும் என்று சொல்லும் வீடியோக்களை மூடி வையுங்கள். முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரை வைத்து அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. 12 வாரம், வாரத்துக்கு 2 வகுப்பு தாய் சி செய்தவர்களுக்கு, பிசியோதெரபிக்குப் போனவர்களுக்குக் குறைந்த அதே அளவுக்கு வலி குறைந்தது. ஆனால் தரையை ஒட்டி இறங்குவதற்கு அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடக்கும்போது வலியில்லாமல் வரும் சொடக்குச் சத்தம், காலையில் கெண்டைக்கால் இறுக்கம், ஒற்றைக்காலில் நின்றால் நடுக்கம்: மூன்றையும் மறந்துவிடலாம். கம்பியில் காலைத் தூக்கிவைத்து, கட்டைவிரலை முகவாயால் தொடப் பார்த்ததில் உட்காரும் எலும்பில் வலி வந்திருக்கிறது. அது தொடையின் பின்தசைநார் எலும்பில் ஒட்டுமிடம். இழுக்க இழுக்க வலி கூடும். கம்பியை இடுப்புக்குக் கீழே இறக்குங்கள். முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிவது போதும், முகவாய் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கட்டும்.

கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தின வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ‘பாம்பு இறங்குதல்’ அசைவில் கீழே போகும்போது வலது முட்டியின் பின்பக்கம் ‘டப்’ என்றது, இரண்டு வாரமாகப் படி இறங்கினால் வலிக்கிறது, சம்மணம் போட முடியவில்லை. முதல் வரியில் இருக்க வேண்டியது இதுதான்.

ஐம்பதைத் தாண்டியவர் ஆழமாக மடக்கும்போது முட்டியின் பின்பக்கம் இப்படி ஒரு சத்தமும் கூடவே வலியும் வந்தால், உள்பக்க ஜவ்வு, அதாவது மெனிஸ்கஸ், எலும்பில் ஊன்றியிருக்கும் வேரிடத்தில் கிழிந்ததா என்றுதான் முதலில் பார்ப்பேன். வேர் அறுந்தால் முளை பிடுங்கிய மாடாக ஜவ்வு மூட்டை விட்டு வெளியே நகர்கிறது. உடல் எடை நேரே குருத்தெலும்பில் இறங்குகிறது. நீங்கள் பயப்படும் தேய்மானம் வேகமாக வருவது இப்படித்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால், மூட்டு நன்றாக இருக்கும் பலருக்கு வேரைத் தைத்துவிட முடிகிறது. எக்ஸ்ரே ‘நார்மல்’ என்று வந்ததாம், சந்தோஷப்படாதீர்கள், எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டியிருக்கும். முட்டி மடங்கியபடி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் அன்றைக்கே போங்கள்.

அடுத்தது எனக்குக் கோபம் வந்த இடம். வலி தெரியாமல் இறங்கலாம் என்று பயிற்சிக்கு முன்னால் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போடுகிறீர்கள், மேலே முட்டிப்பட்டை வேறு. ‘போதும்’ என்று உடம்பு சொல்வதைக் காதில் விழாமல் செய்துவிட்டு அதே இடத்தில் மறுபடியும் எடையை ஏற்றுகிறீர்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் இதை யாரையும் கேட்காமல் போட்டால் பிரஷரும் ஏறும், சிறுநீரகமும் அடிபடலாம்.

உங்கள் ஆசானைக் குறை சொல்ல மாட்டேன். சீனாவின் ஹெனான் மாநிலத்தில், சென் பாணி தாய் சி பிறந்த சென் குடும்ப ஊரான சென்ஜியாகோவில் சின்னப் பிள்ளையிலிருந்தே காலைப் பழக்குகிறார்கள். ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டித் தரையில் உட்காரும் ‘தியே சா’ அவர்களுக்குக் கைவரும். வளர்ந்து முடிந்த உங்கள் இடுப்புக் கிண்ணத்தின் வடிவம் இனி மாறாது. இடுப்பு திரும்பாத மிச்சத்தை முட்டி திரும்பி ஈடுகட்டப் பார்க்கும், முட்டி அதற்கான மூட்டு இல்லை. உயரம், நடு, தாழ்வு என்று நிலையை மாற்றிக்கொள்ள அந்த மரபே இடம் தருகிறது. சீன அரசின் விளையாட்டு ஆணையம் 1956இல் தொகுத்த 24 அசைவு தாய் சி வரிசையிலும் கீழே இறங்கும் அசைவு உண்டு. பூங்காக்களில் வயதானவர்கள் அதை அரைகுறையாக இறங்கித்தான் செய்கிறார்கள், யாரும் திட்டுவதில்லை.

ஸ்கேன் முடிவு வரும்வரை நின்றபடி கை அசைவு மட்டும் செய்யுங்கள். முட்டியை ஆழமாக மடக்குவதும், ஊன்றிய காலில் திரும்புவதும் வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள், இதுவரை எத்தனை போட்டீர்கள் என்று அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.