புது மருந்துகளை இன்னும் விலங்குகளிடம் சோதிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: "கணினியும் செயற்கை நுண்ணறிவும் இவ்வளவு வளர்ந்த பிறகும் மருந்துகளை எலி, முயல், நாய்களுக்குக் கொடுத்து ஏன் சோதிக்கிறார்கள்? நிறுத்திவிட முடியாதா?"

இன்றைக்கே முழுதாக நிறுத்த முடியாது. ஆனால் இப்போது நடக்கும் அளவுக்கு நடக்க வேண்டியதும் இல்லை. மருந்தியல் படித்துவிட்டு, சில காலம் ஆய்வக விலங்குகளோடு வேலை செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததே 1889இல், கணையத்தை அகற்றிய நாயின் சிறுநீரில் சர்க்கரை இருந்ததைப் பார்த்துத்தான். 1921இல் கனடாவின் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இன்சுலின் அடங்கிய கணையச் சாற்றை அப்படிப்பட்ட நாய்களுக்குச் செலுத்தி, ரத்தச் சர்க்கரை இறங்குவதைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. சாற்றில் அசுத்தம் அதிகம், பெரிதாகப் பலன் இல்லை. காலிப் என்பவர் அதைச் சுத்திகரித்தார். வீரியத்தை முயல்களிடம் சோதித்தார். 12 நாள் கழித்து அந்தச் சாற்றைப் போட்டதும் பையன் தேறினான். இன்சுலின் யூனிட் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கணக்கு முதலில் வந்ததே முயலின் ரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத்தான். இப்போது அந்த வீரியத்தை வேதியியல் கருவியிலேயே அளந்துவிடுகிறார்கள். முயல் தேவைப்படுவதில்லை.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்துச் சிரப்பாக விற்றார்கள். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பல குழந்தைகள். விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அடுத்த வருடமே வந்தது.

சரி, விலங்கு தாங்கினால் மனிதனும் தாங்குவானா? அப்படி உத்தரவாதம் கிடையாது. 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்குப் போட்டார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். சில மணி நேரத்தில் ஆறு பேரும் உயிருக்குப் போராடினார்கள்; நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தார்கள். அந்த மருந்து போய் ஒட்டும் ஏற்பி (செல்லின் மேல் இருக்கும் புரதம்), மனிதனின் ஒருவகை நோயெதிர்ப்புச் செல்களில் இருக்கிறது, அந்தக் குரங்கின் அதே வகைச் செல்களில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே விலங்குச் சோதனையை நான் ஒரு சல்லடையாகத்தான் பார்க்கிறேன். எந்த அளவில் தொடங்கலாம், எந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும் என்பது வரை அது சொல்லும். மீதி மனிதர்களிடம்தான் தெரியும்.

மாற்று வழிகள் பேச்சளவில் நிற்கவில்லை. ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் நச்சு இருக்கிறதா என்று பார்க்க, முன்பெல்லாம் முயலுக்குச் செலுத்தி உடல் வெப்பத்தை அளப்பார்கள். பெரும்பாலும் அந்த இடத்தைக் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த பொருள் பிடித்தது. இப்போது நண்டும் வேண்டாம் என்று ஆய்வகத்திலேயே தயாரிக்கும் புரதம் வந்திருக்கிறது. விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை 2022இல் அமெரிக்காவும் தளர்த்தியது. ஆனாலும் கல்லீரல் மாற்றிவிட்ட மருந்து இதயத்தை என்ன செய்யும், கருவை என்ன செய்யும் என்பதற்கெல்லாம் தட்டில் வளர்த்த செல்கள் மட்டும் இன்னும் போதவில்லை.

அப்புறம், அந்த உயிர்களைப் பற்றி. வலியில் இருக்கும் சுண்டெலி கண்ணை இடுக்கிக்கொள்ளும், காதைப் பின்னால் தள்ளும். வாலைப் பிடித்துத் தூக்கினால் பதறும். குழாய்க்குள் அதுவாக ஏறவிட்டுத் தூக்கினால் பயம் குறைகிறது. இதைக் கவனிக்காமல் வேலை செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். பயந்த எலியின் ரத்த அழுத்தமும் ஹார்மோனும் மாறிவிடும், அளவீடும் கெட்டுப்போகும். அந்த உயிர் வீணாகப் போனதுதான் மிச்சம்.

உடனடியாக மாற வேண்டியது ஒன்று உண்டு. தோற்றுப்போன சோதனைகளையும் வெளியிட வேண்டும். ஓர் ஆய்வகத்தில் பலிக்காத முயற்சி வெளியே தெரியாவிட்டால், வேறொரு ஆய்வகம் அதையே இன்னொரு கூட்டம் எலிகளிடம் செய்துபார்க்கும். ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் இதை நிபந்தனையாகவே வைக்கலாம். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.